தனி வண்டியோடு மணலில் இறங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் அமீரகச் சுற்றுலா பற்றிக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. புர்ஜ் கலீஃபா, அபுதாபி பெரிய மசூதி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் "நேரமிருந்தால் ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லிவா பாலைவனத்துக்குப் போகலாம், மணற்குன்றுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு இரவு கூடாரமடித்துத் தங்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. அந்தக் கடைசிப் பத்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2022 ஜனவரி முதல் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. துபாய்க்காரர்களுக்கு இதில் எங்கள் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. அந்த மூன்று நாள் கிடைத்ததிலிருந்து, குளிர்காலம் வந்தால் என் பழைய பஜேரோ ஜீப்பை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு மணலுக்குக் கிளம்பிவிடுவேன். ஓட்டுவது நான்தான். என் கணவருக்கு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். ஆனால் அடுப்பு, கூடாரம், பிரியாணி தம் எல்லாம் அவர் பொறுப்பு. அதனால் வீட்டில் சண்டையில்லை.

எங்கள் குழுவில் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. பெஷாவர்க்காரர் ஒருவர் லேண்ட் க்ரூஸர் வைத்திருக்கிறார், மணிலாவிலிருந்து வந்த தம்பதி ஒரு எஃப்ஜே. வழிகாட்டும் முன் வண்டி கோழிக்கோட்டுச் சேட்டனுடைய நிஸான் பேட்ரோல். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கிறவர். மணலை அவர் படிப்பதுபோல் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. கடைசியில் அனுபவமுள்ள இன்னொருவர் வருவார். நடுவில் நாங்கள். எல்லார் கையிலும் வாக்கி டாக்கி, எல்லா வண்டியிலும் உயரமான கம்பில் ஆரஞ்சுக் கொடி. கொடி அழகுக்கு அல்ல. குன்றின் மறுபக்கத்திலிருந்து வண்டி ஏறி வருகிறதா என்று தெரிய அந்தக் கொடி ஒன்றுதான் அடையாளம்.

போன வாரம் லிவாவுக்குத்தான் போயிருந்தோம். ஷார்ஜாவிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதீனத் சயீத் தாண்டி மெசைராவில் பெட்ரோல் டாங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம் பங்க் கிடைக்காது. மணலில் வண்டி தார்ச்சாலையைவிட இரண்டு மடங்கு குடிக்கும். அங்கிருந்து தெற்கே மொரீப் குன்றுக்குப் போகும் சாலையில் சிறிது தூரம் போய், ஓரமாக நிறுத்தி டயர்களில் காற்றை இறக்கினோம். சாலையில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும் டயரை 15க்குக் கொண்டுவர வேண்டும். ரொம்பப் பொடி மணல் என்றால் 12. பத்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று கொள்ளும். காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படியும், வண்டியின் எடை பரவும், மணல் தாங்கும். இந்த வேலையைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த வண்டியைக் கொண்டுபோனாலும் பயனில்லை.

சனிக்கிழமை பிற்பகல் நாங்கள் ஒரு குன்றின் முகட்டில் நின்றபோது, கீழே வெள்ளை வண்டி ஒன்று அச்சுவரை புதைந்து கிடந்தது. பக்கத்தில் ஒருவர் இரண்டு கையாலும் மணலை அள்ளிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ப் பார்த்தால் நம் ஊர் ஆட்கள். அஜ்மானில் இருக்கும் மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், தஞ்சாவூரிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்த அம்மா. சாலை அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நடுவில் ஒரு குன்று நின்றதால் அவர்கள் கண்ணுக்குச் சாலை தெரியவில்லை, எந்தப் பக்கம் என்ற திசையும் பிடிபடவில்லை. மிச்சமிருந்தது அரை பாட்டில் தண்ணீர். மருமகள் பிள்ளைகளை வண்டி நிழலில் உட்காரவைத்து, துப்பட்டாவால் முகத்தை மூடிவிட்டிருந்தார்.

"பேப்பர்ல போட்டிருந்தாங்கக்கா, அதான் வந்தோம்" என்றார் அந்தத் தம்பி. எந்தப் பேப்பர் என்று கேட்டேன். தங்கள் இணைப்பின் கட்டுரையைத்தான் சொன்னார்.

அம்மா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீயாம்மா இதை ஓட்டிக்கிட்டு வந்தே?" என்று கேட்டுவிட்டு, "இந்த மண்ணுல என்னத்தப் பாக்க வந்தோம்னு எனக்கே தெரியலம்மா. இவன் கூப்பிட்டான், வந்தேன்" என்றார். அந்த நிலையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சேட்டன் முதலில் பார்த்தது டயரை. அளந்தால் 36. அடுத்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பார்வைக்குப் பெரிய எஸ்யூவி, ஆனால் இழுவை முன் சக்கரங்களுக்கு மட்டும்தான். இங்கே வாடகைக்குக் கிடைக்கும் எஸ்யூவிகளில் பல இப்படித்தான். உயரமாக இருப்பதாலேயே ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. வாடகைக்குக் கொடுத்தவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

அதை வெளியே எடுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எடுத்த உடனே கயிறு கட்டி இழுக்கலாம் என்றார் எங்களில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். சேட்டன் கேட்கவில்லை. இந்த மாதிரி வண்டிகளில் இழுப்பதற்கென்று இருப்பது பம்பரில் சின்ன மூடியைத் திறந்து திருகும் ஒற்றைக் கொக்கி. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு வரும். டிரெய்லர் மாட்டும் பின்பக்க உருண்டையில் கயிற்றைப் போடுவது அதைவிட ஆபத்து. உடைந்தால் அந்த இரும்பு உருண்டை அடுத்த வண்டியின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போகும், அப்படி உயிர்ச்சேதம் ஆகியிருக்கிறது. அதனால் பொறுமையாக நாலு டயரிலும் காற்றை 14க்கு இறக்கினோம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும், வயிற்றுக்கு அடியிலும் மணலை வாரினோம். வயிற்றில் மணல் முட்டிக்கொண்டு நின்றால் சக்கரம் அந்தரத்தில்தான் சுற்றும். முன் சக்கரங்களுக்குப் பின்னால் மணல் பலகை இரண்டைச் செருகினோம். ஏறி வந்த தடம் கொஞ்சம் இறுகியிருக்கும் என்பதால் அதே வழியில் பின்னோக்கி, சரிவில் இறக்குவதுதான் திட்டம். தம்பியையே ஓட்டச் சொன்னார் சேட்டன். "மோனே, ஆக்சிலரேட்டர் மெல்ல, ஸ்டீயரிங் நேரே, வீல் சுத்துனா உடனே காலை எடு" என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. மறுபடி வாரினோம். அடுத்த முறை சரசரவென்று கீழே போய்விட்டது. கயிற்றைத் தொடவே இல்லை.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது இதுதான். அவர்களிடம் அதுவரை இல்லாதது குதிரைசக்தியோ விலையோ அல்ல. டயரில் காற்றை இறக்கத் தெரியவில்லை, மண்வெட்டி இல்லை, இரண்டாவது வண்டி இல்லை. முதல் இரண்டும் இருந்தாலும் மூன்றாவது இல்லாமல் மணலில் இறங்கக் கூடாது என்பேன். தேர்ந்த ஓட்டுநரும் மாட்டுவார், எங்கள் சேட்டன் உட்பட. மாட்டாமல் ஓட்டுவது யாராலும் முடியாது. கூட வந்த வண்டி இருந்தால் அது கால் மணி நேரக் கிண்டலோடு முடிந்துவிடும். தனியாக வந்தவருக்கு அது தண்ணீர்க் கணக்காகிவிடும். சிக்கியவர்களைத் தேடிவரும் தன்னார்வ மீட்புக் குழுக்கள் இங்கே உண்டு, பெரும்பாலும் அமீரகத்து இளைஞர்கள், காசு வாங்காமல் இரவிலும் வருவார்கள். ஆனால் அவர்களைக் கூப்பிட ஃபோனில் சிக்னல் வேண்டுமே.

மணற்குன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்று வீசும் பக்கம் குன்று மெல்ல ஏறும், மறுபக்கம் முப்பது டிகிரிக்கு மேல் சடாரென்று இறங்கும். ஏறுகிறவருக்கு முகடு தாண்டி என்ன இருக்கிறது என்பது தெரியாது. உச்சிவெயிலில் நிழல் சரியாக விழாததால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகத் தெரியும். அதனால் நாங்கள் காலையிலும் மாலையிலும் ஓட்டுவோம், நடுப்பகலில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோம். இறங்கும்போது நேராக இறங்க வேண்டும். பயந்துபோய்ப் பக்கவாட்டில் திருப்பினால் வண்டி உருண்டுவிடும். சமூக ஊடகத்தில் வரும் பறக்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு இதெல்லாம் வேகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். சுமார் 300 மீட்டர் உயர மொரீப் குன்றில், லிவா திருவிழாவின்போது சீறி ஏறும் வண்டிகள் அதற்கென்றே பிரித்துக் கட்டியவை. எங்கள் வார இறுதிப் பயணத்தில் பாதி நேரம் நின்று, இறங்கி, நடந்து பார்ப்பதிலேயே போகும்.

அன்று இரவு அந்தக் குடும்பத்தையும் எங்களோடு தங்கச் சொன்னோம். இருட்டிய பிறகு மணலில் அவர்களைச் சாலைக்குக் கூட்டிப்போவது சரியில்லை என்று சேட்டன் சொல்லிவிட்டார். கூடாரம் போடுவதற்கும் இடம் பார்க்க வேண்டும். செங்குத்துச் சரிவின் அடியில் போடக் கூடாது. இரவில் மேலேயிருந்து வேறொரு வண்டி இறங்கினால் அதன் ஓட்டுநருக்குக் கீழே ஆள் படுத்திருப்பது தெரியாது. நாங்கள் வண்டிகளை வளையமாக நிறுத்தி அதற்குள் கூடாரமடிப்போம், கொடிக் கம்புகளில் விளக்கு கட்டுவோம். ஜனவரி இரவில் குளிர் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும், விடிகாலையில் பனி கொட்டிக் கூடாரத் துணி நனைந்திருக்கும். பாலைவனம் என்றால் வெப்பம் என்று போர்வை இல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தம்பியின் குடும்பத்துக்கும் எங்கள் வண்டிகளில் இருந்த ஜமுக்காளம், ஜாக்கெட் எல்லாவற்றையும் பங்குபோட்டோம். அம்மா என் கணவரின் பிரியாணியில் உப்பு ஒரு கல் குறைவு என்றார். உண்மைதான்.

விறகை நாங்கள் ஊரிலிருந்தே கொண்டுபோவோம், இரும்புத் தட்டில் வைத்து எரிப்போம், சாம்பலையும் அள்ளி வந்துவிடுவோம். இதைச் சொல்லக் காரணமிருக்கிறது. ஷார்ஜா பக்கத்து மணலில் நிற்கும் காஃப் மரம் நம் ஊர் வன்னி மரமேதான். எங்கள் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் தலமரமாக நிற்பது. இங்கே 2008இல் அதைத் தேசிய மரமாக அறிவித்தார்கள், வெட்டக் கூடாது. அப்படியிருந்தும் வெள்ளிக்கிழமை இரவு சுட்ட கோழிக்காக அதன் கிளையை ஒடித்து எரித்த தடம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பக்கத்தில் கிடந்த மசாலா பாக்கெட்டில் எழுதியிருந்தது தமிழ்.

பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். துபாயின் மத்தியக் கால்நடை ஆய்வகத்தினர் 2008 முதல் பரிசோதித்த இறந்த ஒட்டகங்கள் சுமார் 30,000. அவற்றில் 300க்கும் மேற்பட்டவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டிகள் இருந்தன, 64 கிலோ கட்டிகூட ஒன்று. பையைத் தின்ற ஒட்டகத்துக்கு வயிறு நிறைந்ததுபோலவே இருக்கும், அதனால் சாப்பிடாமலேயே செத்துப்போகும். ஞாயிறு காலை நாங்கள் கிளம்புமுன் எல்லோரும் வரிசையாக நடந்து குப்பை பொறுக்குவோம். எங்களுடையது மட்டுமல்ல, முன்னால் வந்தவர்களுடையதும் சேர்த்து.

சாலைக்கு வந்ததும் அந்தத் தம்பி அப்படியே வண்டியை விரட்டப் பார்த்தார். பிடித்து நிறுத்தி, கம்ப்ரசரில் நாலு டயருக்கும் காற்றடித்து அனுப்பினோம். 14 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் சூடாகி வெடித்துவிடும், மணலில் தப்பித்தது தார்ச்சாலையில் போயிருக்கும். அவருக்கு அடுத்த கவலை வாடகை நிறுவனம். பொதுவாக வாடகை ஒப்பந்தத்தில் சாலைக்கு வெளியே ஓட்டக் கூடாது என்ற வரி இருக்கும், அங்கே ஆகும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. சொந்த வண்டிக்கும் 'ஆஃப் ரோடு' பாதுகாப்பு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைப்பக்கம், ஹத்தா, ராஸ் அல் கைமா போகிறவர்களுக்கு வேறொரு விதி. மழை பெய்து வாதிகளில், அதாவது மற்ற நாட்களில் வறண்டு கிடக்கும் ஓடைப் பள்ளத்தாக்குகளில், வெள்ளம் ஓடும்போது வண்டியை இறக்கினால், 2023இல் வந்த விதிப்படி 2,000 திர்ஹாம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கறுப்புப் புள்ளி (தண்டனைப் புள்ளி), 60 நாள் வண்டி பறிமுதல். வெள்ளத்தை வேடிக்கை பார்க்கக் கூடினாலே 1,000 திர்ஹாம், ஆறு புள்ளி.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் பாலைவனத்துக்கே வர வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாருங்கள். சுற்றுலா நிறுவனங்களின் உரிமம் பெற்ற ஓட்டுநரோடு போகலாம். இல்லையென்றால் இங்கிருக்கும் குழுக்களில் புதியவர்களுக்கென்றே வார இறுதிப் பயிற்சி நடக்கிறது, பெரும்பாலானவை இலவசம், பெண்களும் நிறையப் பேர் ஓட்டுகிறோம். தங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் அமீரகம் பற்றி எழுதும்போதெல்லாம், "குறைந்தது இரண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள், அதில் ஒருவருக்காவது மணலில் ஓட்டிய பழக்கம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கட்டுரையாளர் விரும்பினால் அடுத்த பயணத்துக்கு எங்களோடு வரலாம். என் பஜேரோவில் முன் சீட் காலியாகத்தான் இருக்கும், என் கணவர் இப்போதெல்லாம் பின் சீட்டுக்கு மாறிவிட்டார்.

இப்படிக்கு,
விருத்தாசலத்து வாசகி,
ஷார்ஜா.