சனிக்கிழமை கடைவீதி நடை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த சனிக்கிழமை காலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடைவீதிக்கு அழைத்துப் போகிறோம், பழைய கட்டடங்களைப் பார்க்க. "கடைவீதியில் பார்க்க என்ன சார் இருக்கிறது?" என்று இரண்டு பேர் போனில் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்குச் சொன்ன பதிலையே எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன்.

பழைய கடைக் கட்டடத்தில் கீழ்த்தளத்தை நம்பக் கூடாது. கடைக்காரர் மாறும்போதெல்லாம் ஷட்டர், கண்ணாடி, விளக்குப் பலகை எல்லாம் மாறிவிடும். மாடிக்குச் செலவு செய்தால் வியாபாரமா கூடப்போகிறது? அதனால் அதை யாரும் தொடுவதில்லை. கட்டடத்தின் வயது மாடி ஜன்னலிலும், அதற்கு மேலே கைப்பிடிச் சுவரிலும் அப்படியே தங்கிவிடுகிறது. கட்டிய ஆண்டைக்கூடப் பலர் அங்கேதான் பொறித்திருப்பார்கள். இத்தனை வருடம் கடைவீதியில் நடந்த நானே அண்ணாந்து பார்த்தது அண்மையில்தான்.

பழைய கடைக் கட்டடங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று தளங்களோடு நின்றுவிடும். ஏன் என்று வீட்டில் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் படியேற வாடிக்கையாளர் வரமாட்டார்! எலிஷா ஓட்டிஸ் நியூயார்க்கில் ஒரு கடைக் கட்டடத்தில் பயணிகள் லிஃப்ட் பொருத்தியதே 1857இல்தான்.

செங்கல் சுவர் வந்ததில் நெருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1666இல் லண்டன் எரிந்தது. மறு ஆண்டே வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் தீக்காப்பீட்டுக்காரர்களுக்காகவே சான்பார்ன் என்ற நிறுவனம் 1867 முதல் சுமார் 12,000 ஊர்களுக்குக் கட்டடம் கட்டடமாக வரைபடம் போட்டது. செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம். எந்தக் கடை எவ்வளவு சீக்கிரம் எரியும் என்று கணக்குப் பார்க்க வரைந்த படம், இன்று கடைவீதி வரலாறு தேடுபவர்கள் முதலில் புரட்டும் படம். எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

அப்புறம், கீழ்த்தளத்திலும் தப்பிப் பிழைத்தவை சில இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புத் தூண் வந்தபிறகுதான் கனத்த சுவரை விலக்கி அகலமான கண்ணாடி முகப்பு வைக்க முடிந்தது. அப்படிப்பட்ட தூணின் அடியில் வார்த்த பட்டறையின் பெயர் சில இடங்களில் புடைத்து நிற்கும். பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். வாசற்கல்லையும் குனிந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி என்ற இத்தாலிய நகரில், கடை வாசற்கற்களில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. இரவில் பலகைகளை வரிசையாகச் செருகிக் கடையை அடைக்க அது. ஷட்டர் வருவதற்கு முன் பலகை போட்டு மூடிய கடை எதிலும் இப்படி ஒரு தடம் மிஞ்சியிருக்கலாம்.

தகரமும் அலுமினியமும் போட்டு மூடிய முகப்புகளைப் பார்த்து, "இது புதுசு" என்று பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய முகப்புகள் மேல் இப்படி அலுமினியம் அடித்தார்கள். 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறு ஊர்களில் கடைவீதியை மீட்கும் முயற்சி தொடங்கியது. அதைப் பார்த்துப் பிற ஊர்களும் இறங்கின. தகட்டைக் கழற்றினால் பல இடங்களில் பழைய செங்கல் வேலைப்பாடு அப்படியே இருந்தது, ஆணி அடித்த ஓட்டைகளோடு.

சரி, உங்களிடம் கேட்பது இரண்டு. வீட்டில் கடைவீதியில் எடுத்த பழைய போட்டோ இருந்தால் கொடுத்தனுப்புங்கள். படத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் சரி, பின்னால் தெரியும் கடைதான் எங்களுக்கு வேண்டும். பழைய ரசீதும் உதவும், அதில் கதவு எண் இருக்கும். நகல் எடுத்துத் திங்கட்கிழமையே திருப்பித் தருவோம்.

காலை ஆறரைக்குப் பள்ளி வாசலில் விட்டுவிடுங்கள். அவ்வளவு சீக்கிரமா என்று கேட்காதீர்கள். கடை திறந்து சரக்கை வெளியே அடுக்கிவிட்டால் வாசற்கல் தெரியாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்