பல் டாக்டரிடம் போகுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கன்னம் வீங்கிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓடுகிறோம். முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், எப்படியும் ஒரு வயது முடியுமுன், காட்டிவிட வேண்டும். "விழுகிற பல்தானே" என்பது தப்புக் கணக்கு. பால் கடைவாய்ப்பல் 10, 12 வயது வரை நிற்க வேண்டியது.

ஒரு வாரம் முன்பே மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, டார்ச் அடித்து, விரலால் பல்லை எண்ணிப் பழக்குங்கள். மருத்துவரும் முதல் நாள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார். பிள்ளை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலை நேரம் நல்லது. வயிறு முட்ட ஊட்டினால், மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி நாக்கில் பட்டதும் குமட்டும்.

"ஊசி போடமாட்டாங்க" என்று சொல்லாதீர்கள். நினைக்காத ஊசியை நினைக்க வைப்பதே அதுதான். "டாக்டர்ட்ட பிடிச்சுக் கொடுத்திருவேன்" என்று மிரட்டும் ஆச்சிமாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அழாமல் இருந்தால் அல்வா என்ற பேரமும் வேண்டாம்.

இரவில் கருப்பட்டிப் பால் புட்டியோடு தூங்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மேல் முன்பற்கள் முதலில் சொத்தையாவது அதனால்தான்.

– வாசகர், வண்ணார்பேட்டை, திருநெல்வேலி