36 டேப்பும் 46,656 கோடி பைட்டும்: உங்கள் கணக்கால் நேர்ந்த இழப்பு குறித்துப் புகார்

சிம்மக்கல், மதுரை
17.02.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 36 மினி டி.வி. (MiniDV, டிஜிட்டல் வீடியோ) டேப்புகளை என்னைக் கேட்காமல் சுருக்கிப் பதிந்தது. கட்டணமின்றித் திரும்பச் செய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த டிசம்பரில் உங்கள் மதுரைக் கிளையில் என் அப்பா எடுத்த 36 மினி டி.வி. டேப்புகளையும், 22 பிளாப்பிகளையும், புதிதாக வாங்கிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் ஒப்படைத்தேன். டேப்பில் இருப்பது இருக்கிறபடியே டிஸ்க்கில் ஏற வேண்டும் என்று வாயாலும் சொன்னேன். ஆர்டர் சீட்டில் ‘சுருக்கக் கூடாது’ என்று என் கையாலேயே எழுதியும் கொடுத்தேன். டேப்புக்கு 300 ரூபாய் வீதம் 10,800 ரூபாய் முன்பணமாகவே கட்டிவிட்டேன். ஐந்து வாரம் கழித்துக் கைக்கு வந்தவை அத்தனையும் சுருக்கிய கோப்புகள்.

அந்த டேப்புகள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் கோயில் பொங்கலுக்கு நடக்கிற நாடகங்களுக்குப் போய்விடுவார். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். ஒரு நாடகத்துக்கு ஆறு டேப் ஆகும். பபூன் பேசிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து டேப் மாற்றுவாராம், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தர்க்கம் செய்கிற இடம் விட்டுப் போய்விடக் கூடாது என்று. அப்படி ஐந்து நாடகங்கள், 30 டேப். மிச்சம் ஆறும் சித்திரைத் திருவிழா, அழகர் ஆற்றில் இறங்கியது. யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்கள் இல்லை. அந்த மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர்களிலும் ஆல்ரவுண்டு என்கிற தாளக் கருவிகளை வாசித்தவர்களிலும் பலர் இன்று இல்லை.

டிஸ்க் வந்த அன்று அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேலூர் நாடகத்தைத்தான் முதலில் போட்டேன். ராஜபார்ட் மேடைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அவர் சட்டையின் தோளில் வைத்துத் தைத்த ஜரிகை, ட்யூப் லைட் வெளிச்சத்தில் இழை இழையாகத் தெரிய வேண்டும். எங்கள் பழைய காமிரா ஓடிய காலத்தில் நானே பார்த்திருக்கிறேன். இப்போது அவர் திரும்புகிறபோதெல்லாம் தோளில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஊர்கின்றன. அவர் நின்ற பிறகுதான் ஜரிகை மெல்லத் திரும்பி வருகிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். “ஜரிகை எங்கம்மா போச்சு?” என்று கேட்டார். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துவிட்டார்.

கோப்பை வலது கிளிக் செய்து அளவைப் பார்த்தேன். ஒரு மணி நேர டேப்புக்கு 2.1 ஜிபி. 36 டேப்பும் சேர்ந்து 76 ஜிபி. டிஸ்க்கில் 389 ஜிபி காலியாகக் கிடந்தது.

மறுநாளே கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. “அக்கா, ஒங்க டேட்டா 466.56 ஜிபி வருது. டிஸ்க்ல 465 தான் காட்டுது. ஒரு ஜிபி இடிக்குது, அதான் கம்ப்ரஸ் பண்ணிட்டாங்க. டிஸ்க் கம்பெனிக்காரன் 500-னு போட்டு ஏமாத்துறான்க்கா” என்றார். வேலைச் சீட்டையும் எடுத்துக் காட்டினார். ‘தேவை 466.56, இருப்பு 465, போதாது’ என்று எழுதி, ‘போதாது’ என்பதைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். அதைப் போட்டோ எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இந்தச் சீட்டில்தான் பிழை இருக்கிறது. 466.56 ஒரு அளவுகோலில் வந்த எண், 465 இன்னொரு அளவுகோலில் வந்த எண். இரண்டுக்கும் பின்னால் ஜிபி என்று எழுதியிருப்பதாலேயே ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுவிட்டீர்கள்.

பைட்டில் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஓடுகிற ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைப்படி பதிந்த டி.வி. டேப்பில் ஒரு படச்சட்டம் 1,44,000 பைட். நொடிக்கு 25 சட்டம்; ஆக நொடிக்கு 36 லட்சம் பைட். ஒரு மணி நேரத்துக்கு 1,296 கோடி. 36 டேப்புக்கு 46,656 கோடி பைட். இதை நூறு கோடியால் வகுத்ததுதான் உங்கள் 466.56. ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கும் கணக்கு அது. டிஸ்க் கம்பெனி அட்டையில் போடுகிற 500 ஜிபியும் அதே கணக்குதான்: 50,000 கோடி பைட். ஆனால் விண்டோஸ் ஜிபி என்று காட்டுவது 1024-ஐ மூன்று தடவை பெருக்கி வருகிற 107,37,41,824 பைட்டை. 50,000 கோடியை அதால் வகுத்தால் 465.66. டிஸ்க் சுருங்கவும் இல்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. அதே 1024 கணக்கில் எங்கள் டேப்புகளைப் போட்டால் 434.5 தான் வரும்.

எப்படிப் பார்த்தாலும் இடம் இருந்தது. அந்த டிஸ்க்கின் பண்புகள் பெட்டியில் ‘கொள்ளளவு’ என்ற ஒரே வரியில் பைட் எண்ணிக்கையும் இருக்கிறது, 465 ஜிபி என்பதும் இருக்கிறது. பைட் பக்கம் 50,010 கோடிக்கு மேல் காட்டுகிறது. உங்கள் ஆட்கள் அந்த வரியின் இடது பாதியைப் படித்திருந்தால், 36 டேப்பையும் முழுசாக ஏற்றி முடித்த பிறகு இன்னும் இரண்டு டேப்புக்கு இடம் மிஞ்சும் என்று தெரிந்திருக்கும். என் தம்பியின் மேக் கம்ப்யூட்டரில் அதே டிஸ்க்கைச் செருகினால் 500 என்றே காட்டுகிறது. ஆப்பிள் 2009-லேயே ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே 1024 கணக்குக்கு மெபிபைட் என்பது போலத் தனிப் பெயர்களை வகுத்தது. கடைத்தெருவில் அந்தப் பெயர்கள் புழங்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் கணக்குப்படியே ஒரு ஜிபி இடித்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டேப்பை மட்டும் பென் டிரைவில் போட்டிருக்கலாம். எனக்கு ஒரு போன் செய்திருந்தால் கீழமாசி வீதிக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்து அன்றைக்கே கொடுத்திருப்பேன். ஒரு ஜிபி போதவில்லை என்று சொல்லி 358 ஜிபியைக் கழித்துக் கட்டிவிட்டீர்கள்.

இது ஒரு ஆளின் கைத்தவறு இல்லை என்பது உங்கள் கவுண்டரில் ஒட்டியிருக்கும் விலைப் பட்டியலைப் பார்த்தபோது புரிந்தது. ‘2 மினி டி.வி. டேப் = 1 டிவிடி’ என்று அதில் இருக்கிறது. டேப் உறையில் 60 நிமிடம், டிவிடி உறையில் 120 நிமிடம் என்று அச்சாகி இருப்பதைப் பார்த்து எழுதியது போலும். டிவிடிக்குள் 120 நிமிடம் அடங்குவது எம்பெக்-2 முறையில் சுருக்கினால்தான். டேப்பில் உள்ள ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே முழுசாக இருக்கிறது. எம்பெக்-2 கோப்பில் அங்கங்கே ஒரு சட்டத்தை முழுசாக வைத்துக்கொண்டு, இடையில் உள்ளவற்றுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுவார்கள். இரண்டு மணி நேரத்தை ஒரு டிவிடிக்குள் நெருக்கினால், ராஜபார்ட் சுழலும்போது ஜரிகை சதுரமாவது அதனால்தான். டிவிடி-ஆர் ஒன்றில் 22,98,496 செக்டர் (தகவலைப் பதிகிற சிறு துண்டு), செக்டருக்கு 2,048 பைட், மொத்தம் 470.73 கோடி. எங்கள் டேப் ஒன்று 1,296 கோடி. ஒரு டேப்புக்கு மூன்று டிவிடி வேண்டும். 36 டேப்புக்கு 108. உங்கள் பட்டியல்படி 18.

அதே பட்டியலில் ‘1 டிவிடி = 6.7 சிடி’ என்பதும் தப்பு. 4,700-ஐ 700-ஆல் வகுத்திருக்கிறீர்கள். சிடி உறையில் போட்ட 700 என்பது 1024 கணக்கு, டிவிடி உறையில் போட்ட 4.7 என்பது ஆயிரம் கணக்கு. 80 நிமிட சிடியில் நொடிக்கு 75 செக்டர் வீதம் 3,60,000 செக்டர், 73,72,80,000 பைட். அப்படிப் பார்த்தால் ஒரு டிவிடிக்கு 6.38 சிடிதான். ‘1 ஜிபி = 694 பிளாப்பி’ என்று எழுதியிருப்பது எந்தக் கணக்கிலும் சேராது. பிளாப்பியில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 டிராக், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கினால் 14,74,560. இதை 1024-ஆல் ஒரு தடவையும் ஆயிரத்தால் ஒரு தடவையும் வகுத்ததால் வந்ததுதான் 1.44 என்ற எண். பாதி அந்தக் கணக்கு, பாதி இந்தக் கணக்கு. ஆயிரம் கணக்கு ஜிபி என்றால் 678 பிளாப்பி நிறைந்து 679-வதும் கொஞ்சம் வேண்டும். 1024 கணக்கு ஜிபி என்றால் 728 நிறைந்து 729-வது வேண்டும். 694 எதிலும் வராது. ஒரு பிளாப்பியில் எங்கள் நாடகத்தின் பத்துப் படச்சட்டம்தான் கொள்ளும், அரை நொடிகூட இல்லை. உறையில் அச்சிட்ட எண்களை அப்படியே எடுத்து வகுத்தால் இப்படித்தான் ஆகும். பைட்டுக்கு இறங்கிவிட்டு மேலே ஏறினால் தப்பாது.

பிளாப்பி வேலையில் எனக்குக் குறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 22-இல் 19-ஐப் படித்துக் கொடுத்தீர்கள். பூஞ்சை பிடித்த மூன்றை வற்புறுத்தி ஓட்டாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம்.

டேப்புகளைத் திரும்பச் செய்து தரும்படி கேட்டபோது, ‘டிஜிட்டலாக மாற்றும் வேலையைத் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும், முழுக் கட்டணம் ஆகும்’ என்று பதில் வந்தது. மாற்றுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மினி டி.வி. டேப்பில் இருப்பது பதிந்த நாளிலிருந்தே டிஜிட்டல்தான். பயர்வயர் கம்பியில் டேப் ஓட்டுகிற டெக்கையும் கம்ப்யூட்டரையும் இணைத்து ஓட்டினால் டேப்பில் உள்ள பைட் அப்படியே நகலாகும். செலவு டேப் ஓடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்கான பணத்தை டிசம்பரிலேயே கட்டிவிட்டேன்.

ஆகவே 36 டேப்பையும் கட்டணம் இல்லாமல், டி.வி. வடிவத்திலேயே, சுருக்காமல் திரும்ப ஏற்றித் தர வேண்டும். ஒவ்வொரு டேப்புக்கும் எத்தனை பைட், எத்தனை சட்டம் ஏறியது, எங்கே படம் விட்டுப்போனது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கவுண்டரில் உள்ள பட்டியலையும் திருத்துங்கள்; அதை நம்பி இன்னும் யார் யார் வீட்டுக் கல்யாணங்களும் காதுகுத்துகளும் ஆறில் ஒன்றாய்ச் சுருங்கிப் போயினவோ. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் ஆர்டர் சீட்டு, வேலைச் சீட்டு இரண்டின் நகலோடு மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

டேப்புகளை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன், கூரியரில் அனுப்ப மாட்டேன். 6.35 மில்லிமீட்டர் அகல நாடாவில் 10 மைக்ரான் அகலத்துக்கு ஒரு கோடு. அப்படிப் பன்னிரண்டு கோடு சேர்ந்தால்தான் ஒரு படச்சட்டம். உங்கள் டெக்கில் ஓடி வந்த பிறகு 14-ஆம் எண் டேப்பின் ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. அழகர் ஆற்றில் கால் வைக்கிற இடம் அந்த டேப்பில்தான் இருக்கிறது. அதை முதலில் எடுங்கள். டெக்கின் ஹெட்டைத் துடைத்த பிறகே போடுங்கள், ஒரே தடவைதான் ஓட்ட வேண்டும். ஓட்டுகிற நேரத்தை முன்கூட்டியே சொன்னால் அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் சீட்டு நகல், வேலைச் சீட்டின் போட்டோ, பணம் கட்டிய ரசீது.