கல்யாணம் ஆகிப் போகலாம், படிக்கப் போகக்கூடாதாம்

அடியே குண்டூசி,

உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். ஃபோனில்தான் பேசிவிட்டோமே என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே பின்னாலிருந்து யாராவது "அக்கா, மண்வெட்டி எங்கே", "அக்கா, சிலிண்டருக்குச் சொல்லிட்டியா" என்று வந்து நிற்கிறார்கள், நீயும் பாதி கேட்டு பாதி கேட்காமல் "சரி சரி, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எல்லாரும் தூங்கின பிறகு எழுதுகிறேன். குளிர் தாங்கவில்லை. பனி விழ ஆரம்பித்துவிட்டது, காலையில் புல் எல்லாம் உப்புத் தூவின மாதிரி கிடக்கிறது, அப்பா பூண்டுப் பாத்தியைப் பார்த்துப் பார்த்துப் புலம்புகிறார்.

முதலில் உன் சேதி. டீம் லீடர் ஆகிவிட்டாயாமே! ஹாஸ்டலில் காலையில் சுடுதண்ணிக்கு வரிசையில் நிற்கும்போது உன் வாளியைக்கூட நான்தான் காவல் காத்தேன், இப்போது பத்துப் பேரை நீ மேய்க்கிறாய். சந்தோஷமாக இருக்கிறது, நிஜமாகவே. மாப்பிள்ளை பார்க்கிற கதையை மட்டும் நீ சரியாகச் சொல்லவில்லை. அந்த ஓசூர் பையன் என்ன ஆனான்? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

இப்போது என் விஷயம். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுக் கோயம்புத்தூருக்கு வா, என் ரூமிலேயே இருந்து படி" என்று எழுதியிருக்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் நீ கடைக்குட்டிடி. உன் வீட்டில் நீ கிளம்பினபோது இரண்டு அண்ணன்களும் ஒரு அக்காவும் பெட்டி தூக்கி பஸ் ஏற்றிவிட்டார்கள். நான் கிளம்பினால் பெட்டி எங்கே இருக்கிறது என்பதையே என்னிடம்தான் கேட்பார்கள்.

காட்டு வேலையை நான் பெரிதாகச் சொல்லவில்லை. ஐப்பசியில் பூண்டுப் பல் ஊன்றினோம், களை எடுக்கிறோம், மாசியில் பிடுங்கணும், கட்டுக் கட்டிப் புகையில் தொங்கவிடணும். எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலை அது, முதுகு வலித்தாலும் பேச்சும் சிரிப்புமாகப் போய்விடும். விதைக்குப் பல் பிரிக்கிற வேலை எனக்குப் பிடிக்கவும் செய்யும். வெளிச்சுற்றில் இருக்கிற பெரிய பல் விதைக்கு, உள்ளே இருக்கிற பொடிப்பல் குழம்புக்கு. நகக்கண் எரியும், கை நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது, ஆனால் தலை சும்மாதானே இருக்கிறது, ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குவாண்டம் மெக்கானிக்ஸ் கேட்டுக்கொண்டே ஒரு சாக்கு பிரித்துவிடுவேன். என் நோட்டைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் பூண்டுத் தோல் உதிரும்.

என்னை அரிக்கிறது வேறு. இந்த வீட்டில் யாருக்கு எந்த ஓடிபி வந்தாலும் என் ஃபோனுக்குத்தான் வரும். அப்பாவின் ஆதார், பேங்க் கணக்கு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருகிற விவசாயிகள் பணம் இரண்டாயிரம், அம்மாவின் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம், கேஸ், ரேஷன் கார்டு, தங்கச்சியின் ஸ்கூல் குரூப், அப்பத்தாவின் கண் ஆஸ்பத்திரி தேதி, எல்லாம் ஒரே நம்பர், என் நம்பர். நான் பிளஸ் டூ படிக்கும்போது வீட்டில் ஃபோன் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அப்போது கொடுத்த நம்பர் அப்படியே ஒட்டிக்கொண்டது. களை எடுத்தால் எடுத்தது கண்ணுக்குத் தெரியும். இதைச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாது, ஒன்று மறந்துபோனால்தான் "பெரியவ பார்த்துக்குவான்னு இருந்தோமே" என்று பேச்சு வரும். ஒரு கணக்கைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது விவசாயிகள் பணத்துக்கு கேஒய்சி முடித்தோமா இல்லையா என்று ஞாபகம் வந்தால் அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டாய். சொன்னேன். ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதப்போகிறேன், இடம் கிடைத்தால் இயற்பியல் படிக்க இரண்டு வருஷம் வெளியூர் போவேன் என்று சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நீ போயிட்டா இங்க யாரு பார்க்குறது, அப்பாவுக்கு முட்டி வேற முடியல" என்றார். நியாயம்தான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மறுவாரமே பெரியகுளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு மளிகைக் கடை, சொந்த வீடு, வைகாசிக்குள் முடிக்கணுமாம். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போதுதான் கேட்டேன்: "வைகாசியில நான் கல்யாணம் ஆகிப் போயிட்டா இந்த வீட்டை யாரும்மா பார்ப்பா?"

அம்மா, "அது வேற" என்றார். என்ன வேற என்றேன். "அது வேறடி" என்று மறுபடி சொல்லிவிட்டு தோசையைத் திருப்பிப் போட்டார். யோசித்துப் பார், ஆடி மாதத்துக்கு முன்னால் நான் இந்த வீட்டைவிட்டுப் போவது இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். தாலியோடு போனால் வீடு நடக்குமாம், புத்தகத்தோடு போனால் நடக்காதாம். அப்பத்தா மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள், இடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "கல்யாணமாகிப் போற எடத்துலயும் நீ இதத்தானத்தா செய்யப்போற, அதான் ஒங்காத்தாளுக்குக் கவலையில்ல. படிக்கப் போனா பழக்கம் விட்டுப்போகும்ல." அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கையெழுத்துப் போடத் தெரியாது. ஜாம் என்றால் ரொட்டிக்குத் தடவுவது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவை வில்லியாக நினைத்துவிடாதே. அம்மாவும் அவர் வீட்டில் மூத்தவர்தான். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள், பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். அம்மாவுக்கு மூத்த பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதைத் தவிர வேறு மாதிரி தெரியாது. அந்த வரனை இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இதுவே பெரிய விஷயம்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்த கதை இன்னும் கூத்து. சூரியனை ஆராயத்தான் படிக்கப்போகிறேன் என்றதும், எங்கேயாவது வேலைக்குப் போகிற படிப்பாகப் படிக்கக்கூடாதா, சூரியனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். அவருக்குப் பிடிக்கிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று நம் கொடைக்கானல் அப்சர்வேட்டரி கதையைச் சொன்னேன். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-லிருந்து 78 வரைக்கும், மழை பொய்த்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்துப்போனார்கள், அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரர்களுக்குச் சூரியனில் இருக்கிற புள்ளிக்கும் நம் ஊர் மழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று யோசனை வந்தது, மெட்ராஸில் மேகமும் தூசியும் என்று இந்த மலையைத் தேடிப்பிடித்து 1899-ல் இங்கே ஆரம்பித்தார்கள் என்றேன். அப்பா கவனமாகக் கேட்டார். முடித்ததும், "அப்ப மழை எப்ப வரும்னு கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்றார். இல்லப்பா, இன்னும் இல்லை என்றேன். "நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆள் பத்தலபோல. சரி, நீயும் போய்ப் பாரு" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கே 1909-ல் எவர்ஷெட் என்ற வானியல்காரர் கண்டுபிடித்ததை நாம் பாடத்தில் ஒரு பத்தியாகத்தான் பார்த்தோம், சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக விரிந்து ஓடுகிறது என்பதை. அதைப் பற்றி மேற்கொண்டு படித்தபோது தெரிந்தது, அவர் மனைவி மேரியும் வானியல்காரர், கொடைக்கானலில் கூடவே இருந்து சூரியனைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா, அப்போது வீட்டில் யார் சமைத்தது? பட்லர் இருந்திருப்பார். எனக்குப் புத்தி இப்படித்தான் போகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன, இப்போது அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியும் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் அவ்வளவும் கிடக்கிறது, அதில் ஏதாவது ஒரு வேலை செய்ய எனக்குத் தகுதி வர வேண்டுமென்றால் இந்த மலையைவிட்டு இறங்கி எங்கேயோ போய்ப் படித்துவிட்டு வரணும்.

இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றால், ஒவ்வொன்றாகத் தம்பி தலையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு டூரிஸ்ட் ஜீப்புக்கு டிரைவராகப் போகலாமா வேண்டாமா என்று யோசித்தே ஒரு வருஷம் ஓட்டிவிட்டான். அவன் சோம்பேறி என்று நானும் அம்மாவும் முடிவுகட்டியிருந்தோம், ஆனால் அவனுக்கு வேலை கொடுத்தால்தானே செய்வான், கேட்பதற்கு முன்னால் நானே செய்துவிடுகிறேன். அதனால் புரட்டாசியில் பூண்டு எடுத்ததும் வடுகபட்டி மார்க்கெட்டுக்கு அப்பாவோடு நான் போகவில்லை, அவனை அனுப்பினேன். கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துப் போட்டுவிட்டு வந்தான். அதே நாளில் மேல்வீட்டுக்காரர்கள் நல்ல விலைக்குப் போட்டிருக்கிறார்கள். சாக்குக்கணக்கு எழுதின சிட்டையையும் எங்கேயோ தொலைத்துவிட்டான். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, "இதுக்குத்தான் நான் போறேன்னு சொன்னேன்" என்று. சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த தடவை "நீயே போ" என்று கையைக் கழுவிவிடுவான், அம்மாவும் தலையாட்டியிருப்பார். ஒரு வேலையைக் கொடுத்தால் அதைக் கெடுக்கிற உரிமையையும் சேர்த்துத்தான் கொடுக்கணும் போலிருக்கிறது. காசு போனது போனதுதான், ஆனால் இப்போது தினமும் வாட்ஸ்அப்பில் அவனே விலை விசாரிக்கிறான், மாசியில் எந்தக் கமிஷன் கடையில் போடலாம் என்று அப்பாவிடம் சண்டையும் போடுகிறான்.

இதில் உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அவன் விலை விசாரிப்பதைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வயிறு எரிந்தது. இத்தனை நாளும் அப்பா என்னைத்தானே கேட்டார்! பெரியவளாக இருப்பது சுமை என்று உன்னிடம் அழுகிறேனே, அதில் ஒரு அதிகாரமும் இருந்திருக்கிறதுடி. நான் சொன்னால்தான் விதை வாங்குவார்கள், நான் சொன்னால்தான் டிவி ரிப்பேருக்குப் போகும். அதையும் விட்டுக்கொடுத்தால்தான் இது நடக்கும். அதற்கு மனசு இன்னும் முழுசாக வரவில்லை.

நம்பரை மாற்றுகிற வேலை ஆமை வேகத்தில் போகிறது. அப்பாவின் ஆதாருக்கு அவரை நேரில் கூட்டிப் போனேன், ரேகை பதியவே மாட்டேன் என்கிறது, மண்வெட்டி பிடித்துப் பிடித்து விரலெல்லாம் தேய்ந்து கிடக்கிறது. கடைசியில் ஒரு விரல் பதிந்தது. இப்போது அப்பாவின் ஓடிபி எல்லாம் தம்பிக்கு. அம்மாவுடையது பாக்கி. தங்கச்சி நர்சிங் சேரப் போகிறாள், அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் பணம் மாதம் ஆயிரம் வரும், அந்த விண்ணப்பத்தை அவளே பார்க்கட்டும் என்று இப்போதே சொல்லிவிட்டேன். முறைத்தாள்.

நீ அனுப்பின பழைய கேள்வித்தாள்கள் வந்துவிட்டன, ரொம்ப நன்றி. அறுபது கேள்வி, நூறு மார்க், மூன்று மணி நேரம். சரியானது ஒன்றுக்கு மேல் இருக்கிற கேள்விகளில்தான் கோட்டைவிடுகிறேன், அதில் பாதி தெரிந்தால் பாதி மார்க் என்பதெல்லாம் கிடையாது, எல்லாவற்றையும் சரியாகத் தொட்டால்தான் உண்டு. வயது வரம்பு இல்லை என்பது ஒரு நிம்மதி. ஐஐடி கிடைக்காவிட்டாலும் இதே மார்க்கை வைத்து திருச்சி என்ஐடிக்குப் போடலாம், எனக்கு அதுவே போதும், அம்மாவும் திருச்சி என்றால் சரி என்பார், சமயபுரம் பக்கத்தில் இருக்கிறதே.

பரீட்சை பிப்ரவரியில். பூண்டு பிடுங்குகிற நேரம், குழந்தை வேலப்பர் கோவில் தேரும் அந்தப் பக்கமாகத்தான் வரும், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அதனால் இரண்டு நாள் முன்னாடியே மதுரைக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் வீட்டில் மாடி அறை காலியாக இருக்குமா? உன் அம்மாவிடம் கேட்டு எழுது. நான் வந்திருப்பதைச் சாக்கு வைத்து அவர் கறிக்குழம்பும் கோலா உருண்டையும் செய்ய ஆரம்பிப்பார், பரீட்சை முடிகிறவரைக்கும் ரசமும் அப்பளமும் போதும் என்று நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கேட்க மாட்டார். முடிந்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

சித்திரையில் நீ இங்கே வருவதாகச் சொன்னாயே, காரில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா, போன வருஷம் உன் அண்ணன் மாதிரி செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு எனக்கு ஃபோன் போடாதே. போட்டாலும் தம்பிதான் எடுப்பான்.

பூண்டு