கைத்துப்பாக்கி மருந்து: வீரியம் வேறு, குறி வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் மலைப் பிள்ளைகளும் இப்போது இந்த விளையாட்டுக்குப் போகிறார்கள் என்று எழுதியிருந்தது சந்தோஷமாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து எவ்வளவு வீரியமோ அவ்வளவுக்குக் குறி தப்பாது என்று போட்டுவிட்டீர்கள். அது தவறு. வெறும் தகவல் பிழையாக இருந்தால் விட்டிருப்பேன், இதை நம்பி ஒருவர் நடந்தால் அவருடைய விரலோ கண்ணோ போகும் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பாவும் அங்கேதான். 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனியின் கீழ் வந்துவிட்டது என்றாலும் எங்களுக்கு அது இன்னும் கார்டைட் பேக்டரிதான். கயிறு மாதிரி இழை இழையாக வருவதால்தான் கார்டைட் என்று பெயர். 1889-இல் ஆபெல், டியூவர் என்ற இரண்டு வேதியியல் அறிஞர்கள் உருவாக்கிய மருந்து அது. முதலில் செய்தபோது நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிப்பஞ்சு, 5 பங்கு வாசலின். ரொம்ப வீரியம். அந்தச் சூட்டில் துப்பாக்கிக் குழாயின் உட்புறம் சீக்கிரமே அரித்துப் போயிற்று, அதனால் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து வெடிப்பஞ்சைக் கூட்டினார்கள். ஆக, வீரியம் கூடினால் நல்லது என்ற எண்ணத்தை நூறு வருஷத்துக்கு முன்பே இந்தத் தொழில் கைவிட்டுவிட்டது.

இன்னொன்று, துப்பாக்கிக்குள் மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. திறந்தவெளியில் ஒரு இழையைக் கொளுத்தினால் சுர்ரென்று எரிந்து முடிந்துவிடும், வெடிச்சத்தமே வராது. அடைத்த இடத்தில் எரியும்போதுதான் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறி, குண்டைத் தள்ளுகிறது. அது எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதுதான் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி. டிசம்பர் குளிரில் வீட்டில் தீ மூட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த கற்பூர (யூகலிப்டஸ்) இலையைப் போட்டால் குப்பென்று பற்றி ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும், அதே மரத்தின் கட்டை ராத்திரி முழுக்க நின்று எரியும். ரைபிளின் குழாய் இரண்டடி நீளம், அதற்குக் கட்டை மாதிரி மெதுவாக எரிகிற மருந்து வேண்டும். கைத்துப்பாக்கியின் குழாய் நான்கு முதல் ஆறு அங்குலம்தான், குண்டு வெளியே போவதற்குள் எரிந்து முடிக்க வேண்டும், அதனால் இலை மாதிரி மருந்து. மெல்லிய செதிலாகவும் பொடி உருண்டையாகவும் அதைச் செய்வது அதற்காகத்தான். மேலே காரீயக (பென்சில் கரி) பூச்சு இருக்கும், நிலைமின்சாரம் சேராமல் சீராக வழிந்து விழுவதற்கு.

சரி, யாருக்கு இந்தக் கவலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸில் 2024-இல் மனு பாக்கர் வாங்கிய பதக்கங்கள் இரண்டும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். அதில் அழுத்திய காற்றுதான், மருந்தே கிடையாது. .22 தோட்டாவில் மருந்து உண்டு, ஆனால் பற்றவைக்கும் கலவை அதன் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருப்பதால் சுட்ட கூட்டில் மறுபடி நிரப்ப முடியாது. பற்றவைக்கும் கலவை பிரைமர் என்ற தனிச் சிமிழாகக் கூட்டின் அடி நடுவே இருக்கும் சென்டர் ஃபயர் வகைத் தோட்டாவுக்குத்தான் இந்தப் பேச்சு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வாங்கினாரே, அந்த 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல். இந்தத் தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை உட்காரவைப்பார்கள். நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். வீட்டில் முயன்று பார்க்கிற வேலை இல்லை இது. நான் பார்த்தது அமெரிக்காவில், அங்கே கடையிலேயே மருந்தை ஒரு பவுண்டு டப்பாவில் விற்கிறார்கள்.

என் அக்கா மகன் ஒஹாயோவில் இருக்கிறான். அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, கார் ஷெட்டில் மேஜை போட்டு .38 ஸ்பெஷல் ரிவால்வருக்குத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தான். வாராவாரம் கிளப்பில் போய்த் தாளில் வரைந்த வட்டத்தைக் குறிவைத்துச் சுடுகிறவன். “மாமா, நீங்க ஆயுசு பூரா மருந்தோடயே இருந்தவர், எந்த மருந்து வாங்கலாம் சொல்லுங்க” என்றான். அப்போது அவன் புல்ஸ்ஐ என்ற மருந்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தான். நூறு வருஷத்துக்கு மேலாக விற்பனையில் இருக்கிற மருந்து, குறி சுடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்புவது, அதை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வேகமாக எரியும், கொஞ்சமே போதும். அந்தக் கொஞ்சத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

.38 ஸ்பெஷல் 1898-இல் கருமருந்துக் காலத்துக்காகச் செய்த தோட்டா. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்த்த அந்தப் பழைய மருந்து 20 கிரெய்னுக்கு (கிரெய்ன் என்பது மருந்து நிறுக்கும் சின்ன எடை) மேல் போட வேண்டியிருந்ததால் கூட்டை அவ்வளவு ஆழமாக வைத்தார்கள். இன்றைக்குத் தாளில் சுடுவதற்குப் புகையில்லா மருந்து சுமார் மூன்று கிரெய்ன் போதும், கிராம் கணக்கில் 0.2. ஆழமான கூட்டுக்குள் அது அடியில் ஒரு சிட்டிகையாகக் கிடக்கும். தவறிப் போய் இரண்டு தடவை விழுந்தாலும் மேலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்படித்தான் ஒரு நாள் நடந்தது. ஐம்பது கூடு வரிசையாக வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தவனுக்குப் போன் வந்தது, பேசிவிட்டு வந்து தொடர்ந்தான், குண்டும் வைத்து முடித்துவிட்டான். படுக்கப் போகிற நேரத்தில், மருந்து அளந்து போடும் கருவியின் நெம்புகோலை ஒரே கூட்டுக்கு இரண்டு தரம் இழுத்தேனோ என்று அவனுக்குச் சந்தேகம். தராசில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றான். அது உதவாது, ஏனென்றால் பித்தளைக் கூடுகளே ஒன்றுக்கொன்று சில கிரெய்ன் எடை மாறும், ஈயக் குண்டும் கொஞ்சம் மாறும், அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மூன்று கிரெய்ன் மருந்து ஒளிந்துகொள்ளும். வேறு வழியில்லாமல் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குண்டைத் தட்டி எடுத்தோம். முப்பதைத் தாண்டிய பிறகு ஒரு கூட்டிலிருந்து இரண்டு பங்கு கொட்டியது. அவன் ஒன்றும் பேசவில்லை. நானும்தான். அடுத்த வாரம் அவனுடைய கிளப்புக்குப் போனபோது சுவரில் ஒரு ரிவால்வரை மாட்டி வைத்திருந்தார்கள், சிலிண்டரின் மேல் பாதி கிடையாது, அதற்கு மேலே இருக்க வேண்டிய இரும்புப் பட்டை வில்லாக வளைந்து நிற்கிறது. இரண்டு பங்கு மருந்து விழுந்த தோட்டாவாம். வேகமாக எரிகிற மருந்தில் அளவை இரண்டு மடங்காக்கினால் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கும் மேலே போகும்.

அதற்குப் பிறகு அவனுக்கு நான் சொன்னது இதுதான், உங்கள் வாசகர்களுக்கும் இதையே சொல்வேன். தாளில் சுடுவதற்கு மருந்து எடுத்தால், போட்ட மருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூட்டை நிரப்புகிற மருந்தாக எடுக்க வேண்டும். எடை அதே மூன்று கிரெய்ன், ஆனால் பஞ்சு மாதிரி பருமனாக இருக்கும் வகைகள் உண்டு. ட்ரெயில் பாஸ் என்ற மருந்தை இதற்காகவே நடுவில் ஓட்டை போட்ட வளையம் வளையமாகச் செய்தார்கள். ரெட் டாட் என்று இன்னொன்று, அகலமான செதில், அடையாளத்துக்காக நடுவே சிவப்புச் செதில்கள் கலந்திருக்கும். இந்த மாதிரி மருந்தில் ஒரு பங்கு கூடுதலாக விழுந்தால் டார்ச் அடித்துப் பார்த்த உடனே கூட்டுக்குள் மருந்து மேலே ஏறி நிற்பது தெரிந்துவிடும்.

பருமனான செதில் அளவையில் ஒரே சீராக விழாதே, அதனால் குறி கெடாதா என்று கேட்பார்கள். விழாதுதான், பத்தில் ஒரு கிரெய்ன் அப்படி இப்படிப் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். இந்தக் குண்டு நொடிக்குச் சுமார் 220 மீட்டர் போகிறது. 25 மீட்டர் தூரம் போவதற்குள் 6.3 சென்டிமீட்டர் கீழே இறங்கும். ஒரு தோட்டா நொடிக்கு 230 மீட்டரில் போனால் 5.8 சென்டிமீட்டர். வித்தியாசம் அரை சென்டிமீட்டர், பத்துப் புள்ளி வட்டமோ 5 சென்டிமீட்டர் அகலம். நல்ல குண்டு, கூட்டின் வாயில் ஒரே மாதிரி பிடிப்பு, சுடுகிறவரின் மூச்சு, விசையை இழுக்கும் விரல், இதில் போகிற புள்ளிதான் அதிகம். முந்நூறு மீட்டர் ரைபிளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே வேகம் சீராக இருப்பது பெரிய விஷயம். கைத்துப்பாக்கிக்கு மருந்தால் வரும் குறி வித்தியாசம் சின்னது, மருந்தால் வரும் ஆபத்தின் வித்தியாசம் ரொம்பப் பெரியது. அதனால் பாதுகாப்பைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம், குறி ஒன்றும் கெட்டுப் போகாது.

வேகமான தோட்டா கையை உதைக்கும், உதைக்க உதைக்கக் கை தானாகச் சுருங்கும், ஐம்பது அறுபது சுடுவதற்குள் அந்தச் சுருக்கம் பழக்கமாகிவிடும். மெதுவான தோட்டாதான் குறிக்கு நல்லது. ஆனால் மருந்தை இஷ்டத்துக்குக் குறைக்கவும் கூடாது. அழுத்தம் போதாமல் போனால் பித்தளைக் கூடு விரிந்து தோட்டா உட்காரும் அறையை அடைக்காது, புகைக்கரி பின்னால் வந்து படியும், சில சமயம் குண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிடும், அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். மருந்து செய்கிற கம்பெனியே எந்தக் குண்டுக்கு எவ்வளவு என்று கீழ் அளவும் மேல் அளவும் அச்சிட்டுத் தருகிறது, கீழ் அளவில் தொடங்க வேண்டும். எரியும் வேகத்தை வரிசைப்படுத்திப் போடுகிற பட்டியலைப் பார்த்து, இதற்குப் பக்கத்தில் அது இருக்கிறது, அளவும் அதேதான் என்று ஒருபோதும் மாற்றிப் போடக் கூடாது. வரிசை வெறும் வரிசைதான், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அது சொல்லாது. வெயில் ஏற ஏற மருந்து வேகமாக எரியும் என்பதால், உறைபனிக் காலத்தில் மேல் அளவுக்குச் சரிபார்த்த தோட்டா மே மாதம் மேட்டுப்பாளையத்தில் காருக்குள் கிடந்தால் அது வேறு தோட்டா.

அப்புறம், மேஜையில் ஒரு சமயத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மருந்தை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. மூடியைத் திறந்தால் புளித்த அமில வாடை வந்தாலோ செம்பழுப்புப் புகை தெரிந்தாலோ அது கெட்டுப்போன மருந்து, தானாகப் பற்றிக்கொள்ளக்கூடியது. கெடாமல் இருக்க டைஃபினைலமைன் மாதிரி ஒரு பொருள் சேர்த்துத்தான் செய்கிறோம், ஆனால் அதற்கும் ஆயுசு உண்டு.

இங்கே உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, காட்டுப்பன்றி உருளைக்கிழங்கை உழுதுபோட்டுவிட்டது, ஆலை மருந்து ஒரு கைப்பிடி கிடைக்குமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொட்டு கூட வெளியே வராது, வரவும் கூடாது, அது போகட்டும். வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி கருமருந்துக்காகச் செய்தது. அதே கொள்ளளவு புகையில்லா மருந்தை அதில் போட்டால் குழாய் அடியோடு பிளந்து, பிடித்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். பார்க்க இரண்டும் கறுப்பாகத்தான் இருக்கும். பேப்பரில் எல்லாவற்றையும் ‘வெடிமருந்து’ என்று ஒரே வார்த்தையில் எழுதும்போது இரண்டும் ஒன்றுதான் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார் இல்லையா, அதனால்தான் கேட்கிறேன், கருமருந்து என்றும் புகையில்லா மருந்து என்றும் பிரித்து எழுதுங்கள்.

அக்கா மகன் இப்போது செதில் மருந்துக்கு மாறிவிட்டான். ஐம்பது கூட்டிலும் மருந்து போட்டதும் டார்ச் அடித்து வரிசையாகப் பார்த்த பிறகுதான் குண்டு வைக்கிறான், நடுவில் போன் வந்தால் எடுப்பதில்லை. புள்ளி குறையவில்லை என்று சொன்னான்.

அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த ஞாயிறு இதழில், ஓரத்தில் பொடி எழுத்தில் இல்லாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிலாளி,
அருவங்காடு, நீலகிரி.