மருமகன் கதிருக்கு: அந்தச் சிவப்புக் கத்தியைப் பற்றி

அன்புள்ள கதிர்,

போன வாரம் போனில் பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "மாமா, நீங்க குடுத்த கத்தி பாக்கெட்ல சும்மாதான் கிடக்குது. கார்க் திருகி எனக்கு எதுக்கு?" நீ ஏணி மேல் நின்றுகொண்டிருந்ததால் நான் பேச்சை வளர்க்கவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல வீடு வீடாகப் போய்க் கேமராவும் இன்டர்நெட் கேபிளும் மாட்டும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

நீ சொன்னது நியாயம். ஸ்விஸ் ஆர்மி கத்தி என்று சொல்லும், பல சாமான்கள் மடங்கியிருக்கும் அந்தப் பாக்கெட் கத்தி உன் வேலையை நினைத்துச் செய்ததில்லை. ஸ்விட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸெனர் என்பவர் 1884-ல் கத்திப் பட்டறை வைத்தார். 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். சிப்பாய்க்கு இரண்டு தேவை இருந்தது: டின்னில் அடைத்த சாப்பாட்டைத் திறக்க வேண்டும், 1889 மாடல் ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டும். அதனால்தான் டின் ஓப்பனரும் ஸ்க்ரூ டிரைவரும் வந்தன. 1897-ல் அதிகாரிகளுக்காக இன்னொரு மாடல் செய்தார். சின்னக் கத்தியும், ஒயின் பாட்டிலின் கார்க்கை இழுக்கும் கார்க் திருகியும் அதில் சேர்ந்தவை. உன் பாக்கெட்டில் இருக்கும் ஸ்பார்ட்டன் என்ற மாடல் அந்த 1897 கத்தியின் வழிவந்ததுதான். எல்ஸெனர் தன் ஊர்க்காரனுக்கு என்ன தேவையோ அதை வைத்தார். உன் தேவைக்கு ஏற்றபடி அதைத் திருத்த வேண்டியது நீ. ஒரு சனி, ஞாயிறு போதும்.

குறடோடு மடங்கும் லெதர்மேன் என்ற பாக்கெட் கருவியின் கதையும் இதுதான். டிம் லெதர்மேன் 1975-ல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். பாக்கெட்டில் கத்தி இருந்தது. வண்டிக்கும், ஓட்டல் குழாய்க்கும் குறடு இல்லாமல் திண்டாடினார். ஊருக்குத் திரும்பித் தன் கையாலேயே ஒன்று செய்ய உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தது மூன்று வருடம் இழுத்தது. கையில் இருப்பது போதவில்லை என்றால் அரத்தை எடுத்துக்கொண்டு உட்காரும் ஆட்கள் எங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

இன்றைக்கே அரத்தைத் தூக்காதே. முதலில் ஒரு மாதம் கவனி. ஏணி மேல் நிற்கும்போது, "ச்சே, இது கையில் இருந்தால் கீழே இறங்க வேண்டியதில்லையே" என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் அந்த வேலையைப் போனில் குறித்து வை. உன் பைநிறைய நல்ல சாமான்கள் இருக்கின்றன, அது எனக்குத் தெரியும். ஆனால் பை கீழே இருக்கும், நீ மேலே இருப்பாய். கத்தி அந்த நேரத்துக்குத்தான். நீ இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் உன் பட்டியலில் கேபிளின் மேல்தோலைச் சீவுவது, கனெக்டரின் சின்ன ஸ்க்ரூ, கேபிள் டை அறுப்பது, ரௌட்டரின் ரீசெட் ஓட்டையில் குத்துவது, சிம் தட்டைத் தள்ளுவது எல்லாம் வரும் என்று நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அந்தச் சின்னக் கத்தி. நெட்வொர்க் கேபிளின் மேல்தோலை நீளவாக்கில் கீறும்போது கத்தியின் கூர்முனை உள்ளே இருக்கும் ஜோடிக் கம்பியைத் தொட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. லைட் எரியும், நெட் வரும், நீயும் கிளம்பிவிடுவாய். ஒரு மாதம் கழித்துக் காற்றும் ஈரமும் பட்டு லைன் விட்டு விட்டு வரும், திரும்ப உன்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்தக் கத்திக்குக் கூர்முனை வேண்டாம். முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து முனையைக் கீழே இறக்கு. வெட்டும் விளிம்பு நேர்கோடாக இருக்கட்டும், முதுகு மட்டும் வளைந்து வந்து அதோடு சேரட்டும். விளிம்புப் பக்கத்திலிருந்து மட்டும் தேய்த்துவிடாதே. மடக்கினால் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பாக்கெட்டில் கை விடும்போது கிழிக்கும். முதுகிலிருந்து தேய்த்தால் முனை இன்னும் உள்ளேதான் போகும். நகத்தை வைத்து இழுக்கும் குழி முதுகை ஒட்டி இருக்கிறது பார், அது வரைக்கும் போகாதே. குழி போனால் கத்தியைத் திறக்கவே முடியாது. தேய்க்கும் முன் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் கத்தியில் இதே வேலையை ஒரு லேத் பட்டறையின் கிரைண்டர் கல்லில் செய்தேன். இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். வெளிச்சத்தில் பார்த்தால் முனையில் நீலம், அதை ஒட்டி ஊதா, அப்புறம் மஞ்சள். எண்ணெயில் மழைத்தண்ணீர் பட்டது போல நிறம் பாய்ந்திருந்தது. அன்றைக்கு அது அழகாகக்கூட இருந்தது. அடுத்த வாரமே தெரிந்துவிட்டது, எத்தனை தடவை தீட்டினாலும் அந்த முனை மட்டும் இரண்டு கேபிளுக்கு மேல் கூர் தாங்கவில்லை. இரும்பின் பதம் போய்விட்டது. இந்தக் கத்தி இரும்பை 1040 டிகிரியில் காய்ச்சிக் குளிரவைத்து, பிறகு 160 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். கிரைண்டர் கல்லில் மெல்லிய முனை சில விநாடிகளில் அந்த 160-ஐத் தாண்டிவிடும். நீல நிறம் வந்துவிட்டது என்றால் எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம். போன பதத்தை வீட்டில் வைத்து மீட்க முடியாது.

அதனால் கையாலேயே தேய். நேரமாகும், ஆகட்டும். தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டித் தண்ணீர் தெளித்துத் தேய்க்கலாம். வைர அரம் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லாப் பாகமும் ஒரே கடினத்தில் இருக்காது, அதையும் தெரிந்துகொள். இரும்பின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் வெட்டும் கத்தி 56, டிரைவரும் ஓப்பனர்களும் 52, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் 49. டிரைவர் முனையில் சாதா இரும்பு அரமே நன்றாகக் கடிக்கும். கத்தியில் அதே அரம் வழுக்கப் பார்க்கும், அங்கே வைர அரம்தான் சரி. டிரைவரை ஏன் கடினம் குறைந்த இரும்பாக வைத்தார்கள் என்றால், முறுக்கும்போது அது கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும், பட்டென்று உடையக் கூடாது. அதனால்தான் கத்தி முனையை வைத்து ஸ்க்ரூ திருகாதே என்று உன்னிடம் அத்தனை தடவை சொன்னேன்.

அடுத்தது, பாட்டில் ஓப்பனரின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன வெட்டு. அது வயர் தோல் உரிப்பதற்காகவே வைத்தது, ஆனால் புதுக் கத்தியில் அது மழுங்கலாகத்தான் இருக்கும். வயரை நசுக்குமே தவிர உரிக்காது. குச்சி போன்ற ஊசி அரம் ஒன்றை எடுத்து அந்த வெட்டின் ஒரு விளிம்பை மட்டும், ஒரே பக்கமாகச் சாய்த்து, எண்ணிப் பத்துத் தடவை தேய். பிறகு ஒரு துண்டு வயரில் சோதித்துப் பார். வயரை அதில் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் தோல் குழாய் மாதிரி கழன்று வர வேண்டும். உள்ளே செம்புக் கம்பியில் கீறல் விழுந்தால் கூர் அதிகமாகிவிட்டது. உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து அடக்கு. நான் செய்ததிலேயே மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பயன் கொடுத்தது இதுதான்.

டின் ஓப்பனரின் நுனி, சின்ன ஸ்க்ரூவுக்கும் ஆகும், நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கும் ஆகும். நாள்பட அதன் மூலைகள் உருண்டு போய் ஸ்க்ரூ தலையில் நழுவும். நுனியை அரத்தில் நேராக வைத்து நாலு தடவை இழுத்துச் சதுரமாக்கிக்கொள். கனெக்டர் ஸ்க்ரூவுக்கு நுனி தடிமனாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் மெலித்துக்கொள்ளலாம். ரொம்ப மெலித்தால் முறுக்கிக்கொள்ளும். இன்னொன்று, இந்தக் கத்தி முழுக்க உலோகம், பிளாஸ்டிக் ஓடு இருப்பதால் ஷாக் அடிக்காது என்று நம்பிவிடாதே. கரண்ட் இருக்கும் இடத்தில் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் இதை எடுக்க வேண்டும்.

இப்போது உன் கார்க் திருகி. அதை வெட்டி எறியலாம் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். அந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைக்கிற மாதிரி ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரை இந்தக் கத்தியைச் செய்யும் விக்டோரினாக்ஸ் கம்பெனியே தனியாக விற்கிறது. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவுக்கு ஏற்ற அளவு. கேமராவின் மூடியில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவுக்கும் சில சமயம் பொருந்தும். அப்புறம், இறுகிப்போன நைலான் கயிற்று முடிச்சைப் பிரிக்க அந்தத் திருகியை விட நல்ல சாமான் நான் பார்த்ததில்லை. முடிச்சின் நடுவில் குத்தித் திருகி இழு, நகம் பெயராமல் இளகி வந்துவிடும். உன் ஏணியை வண்டியில் கட்டும் கயிறு எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியும்.

பல் குத்தும் குச்சியை மட்டும் மாற்றிவிடலாம். பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி ஒரு துண்டு எடு. சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டையாக்கு, அந்தக் குச்சி நுழையும் ஓட்டையில் சிரமமில்லாமல் போய் வரும் வரை அரத்தால் தேய். ஒரு நுனியை மெல்லிய உருண்டை ஊசியாக்கு, ஆனால் கூராக்காதே; ரீசெட் ஓட்டையிலும் சிம் தட்டிலும் கூர் நுனி பாகத்தைக் கீறிவிடும். குச்சியின் பிளாஸ்டிக் தலையை அறுத்து மறு நுனியில் ஒட்டு பசையால் ஒட்டிவிட்டால் நகத்தால் இழுக்க வசதி. எனக்கு இது மூன்றாவது தடவைதான் சரியாக அமைந்தது. முதல் இரண்டும் ஓட்டைக்குள் லொடலொடத்துக் கீழே விழுந்து தொலைந்தன. முள்வாங்கியைத் தொடாதே. அது இருக்கிறபடியே அருமையான சாமான்.

குத்தூசியின் காதிலும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. செருப்பு வாரோ பை வாரோ அறுந்தால் அந்தக் காதில் நூல் கோத்துத் தைக்கலாம். ஆனால் காதின் விளிம்பு கரடாக இருந்தால் பத்துத் தையலுக்குள் நூலை அறுத்துவிடும். 600 நம்பர் உப்புத்தாளைத் திரி மாதிரி முறுக்கிக் காதுக்குள் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக் கொஞ்ச நேரம் இழு. பிறகு நூலை உள்ளே விட்டு இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு போனால் போதும்.

கத்தியை முழுசாகப் பிரித்துப் பாகம் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பித்தளை ஆணிகளின் தலையைத் தேய்த்து, தட்டி எடுத்து, திரும்பப் புது ஆணி அடித்து முடுக்க வேண்டும். ஸ்பிரிங்குகள் இழுவிசையில் இருக்கும், ஓர் ஆணி மயிரிழை சாய்ந்தாலும் எல்லாம் இறுகிவிடும், அல்லது தொளதொளத்துவிடும். உனக்கு இப்போது அது வேண்டாம். ஸ்பிரிங்கையும், அது தொடும் அடிப்பாகத்தையும் அரம் வைத்துத் தொடவே தொடாதே. இந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது, கத்தி திறந்து நிற்பதே அந்த ஸ்பிரிங்கின் பிடியால்தான். கைமேல் மடங்கினால் விரல் போகும். திருத்திய கத்திக்குக் கம்பெனி உத்தரவாதம் செல்லாது என்றும் மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பி.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு எல்லாவற்றையும் பத்துத் தடவை திறந்து மூடு. அரப்பொடி ஸ்பிரிங் இடுக்கில் தங்கினால் கறகறவென்று அரைக்கும். நன்றாகக் காயவைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு விடு. உங்கள் அம்மா தேங்காயெண்ணெய் எடுத்துத் தருவாள், வேண்டாம் என்று சொல்லிவிடு. அது 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும், ஓசூர் மார்கழியில் உன் கத்தி திறக்காது. நாள்பட்டால் பிசுக்கும் பிடிக்கும்.

வயர் வெட்டு, டின் ஓப்பனர் நுனி, குத்தூசிக் காது, இந்த மூன்றையும் அந்த ஒரு மாதம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே செய்து பார். சின்னக் கத்தியின் முதுகை மட்டும் பொங்கலுக்கு நீ வரும்வரை விட்டு வை, திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்தே தேய்ப்போம். ஸ்போக் கம்பி நாலு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது அந்த ஒரு மாதப் பட்டியலையும் கொண்டு வா.

அன்புடன்,
மாமா