சுக்கினியை அடுப்பில் போடும் முன் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் சமையல் பக்கத்தில், வெள்ளரிக்காய் மாதிரி நீளமாக இருக்கும் பூசணி இனக் காயான சுக்கினியில் கூட்டு செய்யும் குறிப்பைப் படித்தேன். தேங்காய், சீரகம், மிளகாய் அளவெல்லாம் சரிதான். ஆனால் காயைப் பற்றி ‘தோல் சீவி நறுக்கி, பருப்போடு இரண்டு விசில்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அங்கேதான் கூட்டு கெட்டுப்போகிறது. பெங்களூரில் ஹாப்காம்ஸ் கடைக்குப் போனால் பச்சையும் மஞ்சளுமாகச் சுக்கினி கண்ணில் படுகிறது. நம் வீடுகளில் அதைச் சௌசௌவுக்குத் தம்பி மாதிரி நினைத்து வாங்கி, சௌசௌ மாதிரியே குக்கரில் போட்டு, கூழானதும் இனி வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன்.

அந்தக் காயில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தோலைச் சீவவே வேண்டாம், துண்டு உடையாமல் பிடித்து வைப்பதே தோல்தான், நன்றாகக் கழுவித் துடைத்து இரண்டு முனையையும் வெட்டினால் போதும். ஒரு சாண் நீளத்துக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், பெரிதாக முற்றியிருந்தால் நடுவில் இருக்கும் விதையையும் பஞ்சையும் ஸ்பூனால் வழித்துவிடலாம். பொரியலுக்கென்றால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அரை கிலோவுக்கு அரை டீஸ்பூன் உப்பு பிசறி 20 நிமிடம் வடிதட்டில் வையுங்கள், அடியில் தண்ணீர் சேருவதைப் பார்த்தாலே புரிந்துவிடும். அப்புறம் துணியில் ஒற்றி எடுத்து, அகலமான இரும்பு வாணலியில், மூடாமல், பெரிய தீயில் ஐந்தே நிமிடம். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள். அடைமாவில் சேர்ப்பதாக இருந்தால் துருவிப் பிழிய வேண்டும், பிழிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். கூட்டுக்குப் பருப்பைத் தனியாக வேகவைத்து, காயைக் கடைசியில் சேர்த்து நாலு கொதி விட்டால் போதும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நறுக்கியதும் ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். நல்ல சுக்கினி லேசாக இனிக்கும், அல்லது சப்பென்று இருக்கும், கசக்கவே கூடாது. கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள், காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். வெள்ளரிக்காயில் முனையை வெட்டித் தேய்ப்போமே, அந்த வழக்கத்தை இங்கே நம்ப வேண்டாம். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள், உப்பில் ஊறவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட 79 வயதுக்காரர் ஒருவர் இறந்தே போனார். இதே நச்சு சுரைக்காயிலும் வரலாம், நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழு, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறது.

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போன வருடக் காயிலிருந்து எடுத்த விதையை மறுபடி ஊன்றுவார்கள், பக்கத்தில் அலங்காரப் பூசணிக்கொடி இருந்து மகரந்தம் கலந்திருந்தால் அந்த விதையில் வரும் காய் கசக்கலாம், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. விதையைக் கடையில் வாங்கிப் போடுவதே நல்லது.

அடுத்த முறை சுக்கினிக் குறிப்பு வெளியிடும்போது, மசாலா அளவுக்கு மேலேயே இந்தச் சுவைத்துப் பார்க்கும் விஷயத்தை ஒரு வரி போடுங்கள்.

ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு